பச்சோந்திக்குக் குடை பிடித்த வரிசைநாயகத்துக்கு

நலம் நிலைபெறுக. ஏழ்துறைகளிலும் நீர் குறையாது ஓடுக. எல்லை காப்போர் இல்லங்களில் விளக்கு அணையாதிருக்க. உழுவாரும் வலை வீசுவாரும் வயிறார உண்க.

நெடுநீராற்றின் இருகரையும் ஆளும் கோ இளந்திருவனார் வடவெல்லைப் பாசறையில் தங்கியிருக்குமளவும், அவர் பெயரால் செங்கோல் தாங்கி ஏழ்துறை நாட்டைப் புரந்துவரும் கோப்பெருந்தாய் எயில்நங்கைப் பெருந்தேவியாகிய யாம், உடைப்பெடுத்த பேரேரியின் கரையில் அமைத்த கூடாரத்தினின்றும், ஆம்பற்றுறைத் தலைநகரின் உள்மாளிகையில் குடை, கவரி, முரசு முதலிய சிறப்புகள் அனைத்தையும் முறைப்படுத்தும் வரிசைநாயகம் பொற்குன்றூர் கிழான் மருதங்கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் இல்லத்தார்க்கும் உம் ஊருக்கும் நன்மை உண்டாகுக.

இவ்வாழ்த்தை மரபு கருதி எழுதுவித்தோம். மனம் கொதித்துக்கொண்டிருக்கையில் ஒருவரை வாழ்த்துவது எத்துணைக் கடினம் என்பதை இன்றுதான் அறிந்தோம். இவ்வோலையை நீர் தனியே படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளலாகாது. குடை பிடிப்போரும் கவரி வீசுவோரும் முரசறைவோரும் கூடிய அவையில், நீர் நிற்க, பிறரொருவர் உரக்கப் படிக்கக் கேட்பீராக. எழுதும் கை எம் ஓலைநாயகத்துடையது, சொல் எம்முடையது. முட்டாள்தனம் என்று யாம் சொன்ன இடத்தில் அவர் கவனக்குறைவு என்று எழுத்தாணியை ஓட்டினார். அந்த ஏட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஏடு எடுக்கச் சொன்னோம். ஆகவே நீர் செய்தது முட்டாள்தனம் என்றே வாசிக்கவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறோம். உமக்குத் தெரியாது என்பதற்காக அன்று, அவையோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. எம் மருமகள் நறுவீதேவி மேலைமலை வெற்பக நாட்டிலிருந்து மணமகளாய் வந்தபோது, யானையும் அகிலும் தேனும் மிளகுமாக வந்த மணவரிசை நகர்வாயிலில் தொடங்கி ஆற்றுத்துறை வரை நீண்டது. அவையெல்லாம் அவள் தந்தை அனுப்பியவை. அவளாகக் கொண்டுவந்தது ஒரே ஓர் உயிர். அது ஒரு பச்சோந்தி. தளிரி என்று அதற்குப் பெயர். சுண்டுவிரல் நீளக் குஞ்சாய்க் காக்கை வாயிலிருந்து விழுந்ததை எடுத்து, கையில் வைத்து வளர்த்தாளாம். பல்லக்கிலிருந்து இறங்கியபோதும் அது அவள் தோளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உள்மாளிகைப் பெண்டிர் முகம் சுளித்தனர். எமக்கும் உடல் கூசத்தான் செய்தது, அதை மறைப்பானேன்? ஆயினும் பிறந்த வீட்டை விட்டு வந்த பெண், முன்பின் தெரியாத முகங்களின் நடுவே, அதன் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டே எம் காலில் விழுந்தாளே! அவளை எழுப்பி நிறுத்தி, இதுவும் உன்னோடு இவ்வீட்டில் குறையின்றி வாழும், அதற்கு யாம் பொறுப்பு என்று எல்லோரும் கேட்கச் சொன்னோம். சொன்னது அரசனைப் பெற்றவளின் வாய்.

பின்னர் எம் மகன் எல்லைக்குப் புறப்பட்டான். மழையில் பேரேரி உடைப்பெடுத்ததால் யாமும் இங்கே வர நேர்ந்தது. புறப்படுமுன் உம்மை அழைத்து, கிழக்குத் தோட்டத்தில் தளிரிக்கு ஒரு திறந்தவெளி வலைவீடு கட்டச் சொன்னோம். நறுவீதேவியே உம் எதிரில் நின்று, அது எப்படி இருக்க வேண்டும் என்று பொறுமையாய் எடுத்துரைத்தாள். ஓர் ஆள் உள்ளே நுழைந்து நிமிரும் உயரம் வேண்டும் என்றாள். காலை வெயில் நேரே விழ வேண்டும், வெயில் மிகுந்தால் ஒதுங்கிக்கொள்ளக் கொடி படர்ந்த ஒரு பக்கம் வேண்டும் என்றாள். காக்கையும் பூனையும் புகாத வலை, ஆனால் காற்றும் பூச்சியும் தாராளமாய் வந்துபோகும் வலை என்றாள். அது பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்கும் சாதியன்று, இலையில் தங்கும் நீர்த்துளியைத்தான் நக்கும், ஆதலால் உயிருள்ள செடிகளை உள்ளே நட்டுக் காலையிலும் மாலையிலும் நீர் தெளிக்க வேண்டும் என்றாள். அடியில் முழங்கை ஆழத்துக்கு மண் இருக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். நீரும் தலையை ஆட்டினீர். ஆட்டின தலைக்குள் ஒன்றுமே போகவில்லை என்பதை யாம் கண்டோமா?

அதன்பின் உம் ஓலை வந்தது. ஏரிக்கரைச் சேற்றில் காலும் கையுமாய் நின்றுகொண்டு அதைப் படிக்கக் கேட்டோம். மணவரிசையில் வந்த உயிர் எதுவாயினும் மணமகளுக்குரிய சிறப்பு அதற்கும் உண்டு என்னும் பழைய வழக்கத்தை நீர் நினைவுகூர்ந்ததாகவும், அரசகுலத்து உயிரைக் கீரைப்பாத்தியின் அருகே குடிவைப்பது நாட்டுக்கே இழுக்கு என்று கருதி, தோட்டத்தைக் கைவிட்டு உள்வாயிலுக்குள், முடிசூட்டு முற்றத்தின் ஓரத்துப் பளிங்கு மண்டபத்தில், சந்தனச் சட்டமும் வெள்ளிக் கம்பியும் கொண்டு மாடம் ஒன்று எடுப்பித்ததாகவும் எழுதியிருந்தீர். அந்த வழக்கம் யானைக்கும் குதிரைக்கும் ஏற்பட்டது, ஐயா! பெண் வீட்டு யானையை மாப்பிள்ளை வீட்டார் பட்டினி போட்டுவிடக்கூடாது என்று ஏற்பட்டது. ஓந்திக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று எந்த முன்னோர் சொன்னார்?

ஆம், குடை பிடித்திருக்கிறீர். சூரியன் எழுவது முதல் விழுவது வரை, முறை வைத்து ஆள் மாற்றி, மாடத்தின் மேல் வெண்குடை. வெயிலில் காய்ந்தால்தான் அதன் உடம்பில் உயிர் ஓடும் என்று அந்தப் பெண் சொன்னாளே, அந்த வெயிலைக் குடை போட்டு மறைத்தீர். இருபுறமும் கவரி வீசுவோரை நிறுத்தி ஈயும் பூச்சியும் அணுகாமல் காத்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர். அட தெய்வமே, அது தின்பதே அந்த ஈயைத்தானே! சோறு வருவதைத் துரத்துவதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்களா? போதாக்குறைக்கு அகிற்புகை வேறு. மிச்சம் இருந்த பூச்சியும் அதில் ஓடிப்போயிருக்கும். குடிப்பதற்கு வெள்ளிக் கிண்ணத்தில் பன்னீர். பசியாற்றப் பாலும் தேனும் கலந்த பழம், அதைத் தேடி வந்த எறும்பு. எறும்பு அதன் காலைக் கடித்தது உம் ஓலையில் இல்லை. அது வேறொருவர் வாய்மொழியாக எமக்கு வந்தது.

மங்கலப் பொருளாயிற்றே என்று முன்னும் பின்னும் ஆளுயரக் கண்ணாடி நிறுத்தினீராம். பச்சோந்தி தனித்து வாழும் உயிர். தன் இனத்தது ஒன்று எதிரே வந்தால் பகை வந்ததென்று உடல் கறுத்துச் சீறும். கண்ணாடியில் தன்னையே கண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் பகை நிற்கிறதே என்று அது நாள் முழுதும் நடுங்கியிருக்கிறது. நீர் அதற்கு எழுதிய விளக்கம் இருக்கிறதே, அதை யாம் மறக்கவே மாட்டோம். சிறப்புகள் தொடங்கியபின் தளிரி பச்சை நீங்கிக் கருநிறம் கொண்டு அரச கம்பீரத்தோடு விளங்குவதாகவும், பகலில் கண்மூடித் தவத்தில் அமர்ந்திருப்பதாகவும், பின்னர் கிளையைவிட்டு இறங்கிப் பளிங்குத் தரையில் முன்கால்களை ஊன்றித் தலைதாழ்த்தி, தனக்குச் செய்த சிறப்புக்கு மீண்டும் மீண்டும் நன்றி வணக்கம் செலுத்துவதாகவும் எழுதியிருந்தீர். அதைக் கேட்டு இங்கே ஏரி வேலைக்காரர்கள் சிரித்தார்கள். யாமும் சிரித்தோம். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறோம்.

ஏனெனில் நேற்று நண்பகலில் ஒரு படகு வந்தது. நறுவீதேவியோடு மலையிலிருந்து வந்த தோழி மிளகி அதில் இருந்தாள். உள்வாயில் காவலர் தடுத்ததால் வண்ணார் துணிமூட்டைகளின் நடுவே ஒளிந்து வெளியேறி, துறைக்கு ஓடிவந்து, கிடைத்த படகில் ஏறியிருக்கிறாள். அவள் பேச்சைச் செந்தமிழாக்க ஓலைநாயகம் முனைந்தார். வேண்டா, வந்தபடியே பொறியும் என்றோம். அவள் சொன்னது இது: "ஆத்தா, அது கும்பிடலை, ஆத்தா. வயிறு பூரா முட்டை; ஆணு சேராமலேயே இதுக்கு முட்டை கட்டும். மண்ணைத் தோண்டி முட்டை வைக்க எடம் தேடுது. கல்லைப் பறண்டிப் பறண்டி நகமெல்லாம் தேஞ்சு ரத்தம் வருது. மண்ணு கெடைக்கலைன்னா முட்டையோட செத்துப்போகும். எங்க அம்மணி சோறு தண்ணி எறங்காம அது பக்கத்துலயே கெடக்கு."

கேட்டீரா, மருதங்கோவாரே? நன்றி வணக்கமாம்! பிள்ளை பெற இடமில்லாமல் ஒரு தாய் தரையைக் கீறியிருக்கிறது. அதைப் பார்த்து நீர் மனம் குளிர்ந்து முரசு முழக்கியிருக்கிறீர்.

தெரியாமல் செய்தீர் என்றால் இவ்வளவு கோபம் வந்திராது. தெரியாதவர்க்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் நறுவீதேவி உம்மிடம் வந்து கேட்டிருக்கிறாள். தளிரியைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்கிறேன் என்று கேட்டதற்கு, உள்வாயில் கடந்து வந்த மணவரிசை, மன்னர் ஊரில் இல்லாத காலத்தில் அவ்வாயிலைத் தாண்டி வெளியேறலாகாது, மணமகளும் அவ்வாறே என்று சொல்லியிருக்கிறீர். அப்படியானால் ஒரு கூடை மண்ணாவது உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். உள்வாயிலுக்குள் மண் சுமந்து வருவது இறந்தாரைக் கிடத்தும் மேடைக்காக மட்டுமே, அரசர் போர்முனையில் இருக்கையில் அவ்வாறு செய்வது அவர் உயிருக்கே கேடு சூழ்வதாகும் என்று, அவள் முகத்துக்கு நேரே, உள்மாளிகைப் பெண்டிர் அத்தனை பேரும் கேட்கச் சொன்னீராம். கணவன் போருக்குப் போயிருக்கும் சின்னப் பெண்ணிடம் சொல்லும் சொல்லா இது? உமக்கு நாக்கு கூசவில்லையா? அதன் பிறகு அவள் வாய் திறப்பாளா? நேரே போய், மண்டபத்துப் பளிங்குக் கல் ஒன்றின் இடுக்கில் தன் கொண்டை ஊசியை விட்டு நெம்பியிருக்கிறாள். ஊசி ஒடிந்ததும் விரலால் நெம்பியிருக்கிறாள். நீரோ, அரசமாதேவி தரையில் அமர்ந்து கல்லைத் தோண்டி அரசநெறிக்கு இழுக்குத் தேடுகிறாள் என்று எமக்கு இரண்டாம் ஓலை விடுத்தீர். மிளகியும் உம் இரண்டாம் ஓலையும் ஒரே படகில்தான் வந்தன என்பதை அறிவீராக. ஓலையைக் கொண்டுவந்தவன் அவள் யாரென்றே அறியாமல் வழியெல்லாம் அவளுக்குப் பொரி கொடுத்து வந்திருக்கிறான். உம் ஆட்களில் அவன் ஒருவனாவது மனிதனாக இருக்கிறான்.

இழுக்கு என்றீர். எது இழுக்கு? வெற்பக நாட்டார்க்கு நாளை என்ன சொல்வோம்? உங்கள் மகள் கேட்டது ஒரு கூடை மண், அதைக் கொடுக்க ஏழ்துறை நாட்டில் ஆளில்லை என்று சொல்வோமா? யானைப்படை கொண்டு வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர். கையைக் கூப்பிக் கேட்டாள், அதனால்தானே மறுத்தீர்? எம் மகனுக்குக் கேடு வரும் என்றீரே; அவன் பிறந்தபோது உடனிருந்தவள் யாம், அவன் உயிர் ஒரு கூடை மண்ணில் இல்லை என்பதை எம்மைவிட நீர் அறிவீரா? அவன் இங்கிருந்தால் தானே மண்வெட்டி எடுத்திருப்பான். யாம் அப்படித்தான் அவனை வளர்த்தோம்.

இனி ஆணை. இதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுக.

இவ்வோலை கண்ட நாழிகையே குடை மடக்கப்படுக. கவரி வீசுவோர் வீட்டுக்குப் போகட்டும். போகும் வழியில் வயலில் இறங்கி வெட்டுக்கிளி பிடித்து வரட்டும், அதற்கும் அதே சம்பளம்தான். கண்ணாடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைக்கவும். பன்னீரும் தேனும் அகற்றி, எறும்பு வராதபடி அவ்விடத்தைக் கழுவித் துடைக்கவும். அந்த வெள்ளிக் கம்பி மாடத்தை எங்கேயாவது கொண்டுபோய் வையும். உமக்கு அவ்வளவு பிடித்திருந்தால் நீரே அதில் குடியிரும். முரசு அடிக்கவே கூடாது. ஈ பறக்கும் ஒலி அதற்குக் கேட்க வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்கிறோம், காதைத் தீட்டிக்கொள்ளும். மண் கொண்டுவருக என்று யாம் ஆணையிட்டால் நீர் என்ன செய்வீர் என்பது எமக்குத் தெரியும். வெள்ளித் தட்டில் ஒரு பிடி எடுத்து, பட்டுப் போர்த்தி, சங்கு ஊதிக்கொண்டு வருவீர். வாயிலில் பெண்டிர் அதைக் கண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஆகையால் ஒரு பிடி மண்ணும் வெளியிலிருந்து வர வேண்டா. உள்மாளிகையில் காலை முதல் வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்று, அது முடிசூட்டு முற்றம். எம் மாமனார் முடிசூடியதும், எம் கணவர் முடிசூடியதும், எம் மகன் முடிசூடியதும் அம்முற்றத்து நடுக்கல்லின் மேல் நின்றுதான். அக்கல்லையும் அதைச் சூழ்ந்த கற்களையும் பெயர்த்தெடுக்கவும். கீழே இருப்பது மண்தான். அரண்மனை எழும்புமுன் அங்கே இருந்த மண், அதை யாரும் சுமந்து வரவில்லை, அதனால் உம் வழக்கத்துக்கு ஒரு குறையுமில்லை. அந்த மண்ணின் மேல் வலைவீடு எழும்பட்டும். அதற்குக் கல் பெயர்ப்போரையும், ஏரிக்குப்பத்தில் வலை முடையும் பெண்டிரையும் மிளகியோடு இவ்வோலைப் படகிலேயே அனுப்புகிறோம். எந்தச் செடியை எங்கே நடுவது, எந்தக் கிளையை எப்படிச் சாய்ப்பது என்பதை நறுவீதேவி சொல்வாள். அவள் சொல் எம் சொல். அவள் தானே இறங்கித் தோண்ட விரும்பினால் தோண்டட்டும். மண்வெட்டியை நீர் உம் கையால் எடுத்துக் கொடுக்கவும்.

முடிசூட்டுக்கல்லைத் தொட்டால் அரசு நிலைக்காது என்று சொல்ல இப்போதே உம் வாய் துடிக்கும். துடிக்கட்டும். வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பெண்ணின் உயிரொத்த ஒன்றைச் சாகவிடும் அரசு நிலைத்து என்ன ஆகப்போகிறது? எம் மகன் திரும்பி வந்து, கல் எங்கே என்று கேட்டால், உம் தாய் பெயர்க்கச் சொன்னாள் என்று சொல்லும். மேலே கேட்க மாட்டான். கேட்டால் எம்மிடம் அனுப்பும்.

எம் மருமகளுக்கு இதைத் தனியே சொல்லவும், முடிந்தால் கொஞ்சம் மெல்லிய குரலில்: மகளே, கொடுத்த வாக்கை உன் மாமியார் மறக்கவில்லை. ஏரி உடைப்பை அடைத்ததும் வந்துவிடுவேன். அதுவரை இந்த வீட்டில் எந்தக் கல்லை வேண்டுமானாலும் நீ பெயர்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. இப்படகு எதிர்நீரில் வருகிறது. இது உம் துறையை அடையுமுன் தளிரி இறந்திருக்கவும் கூடும். அப்படியாயின் உம் வழக்கத்தில் இருந்த தடை நீங்கிவிட்டது, மருதங்கோவாரே; இறப்பு நிகழ்ந்துவிட்டதல்லவா, இனி மண்ணைத் தாராளமாய்ப் பேசலாம். அப்போது நீர் நறுவீதேவியின் முன் சென்று, குடையின்றி, செருப்பின்றி நின்று, அது எதனால் இறந்தது என்பதை உம் வாயாலேயே சொல்ல வேண்டும். அவள் அதைப் புதைக்கும் இடமும் அந்த முற்றமே.

ஏழ்துறை நாட்டு ஆம்பல் முத்திரை இட்டு, ஏரிக்கரைக் கூடாரத்தில் எம் கையால் கயிறு கட்டி விடுத்தோம். இது வேண்டுகோளன்று, ஆணை. முட்டை வைப்பதற்கானாலும் சரி, புதைப்பதற்கானாலும் சரி, கல் பெயர்க்கப்படுக.